அமெரிக்க வரியும் இரண்டு சம்பந்திகளும்

பெங்களூரு விமான நிலையத்தின் சிவப்பு வழியில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை. பச்சை வழியில் கூட்டம் முண்டியடித்தது. நான் சிங்கப்பூரில் சுங்க அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவள். அறிவிக்க வேண்டிய பொருளைப் பையில் வைத்துக்கொண்டு பச்சை வழியில் நடந்தால் எனக்குக் கால் பின்னும். கைப்பையில் அனுமதித்த எடையைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தங்கம் இருந்தது.

மேசைக்குப் பின்னால் இருந்த இளைஞர் என்னை நம்பவில்லை. தானாக வந்து வரி கட்டுகிறேன் என்கிற பெண்மணியிடம் வேறு என்னென்ன இருக்குமோ என்று பெட்டியை அடிவரை கிளறினார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் இவ்வளவு அழகாகத் திரும்ப மடித்து வைத்திருக்க மாட்டேன்.

"எந்த ஊருக்குப் போகிறீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"கோலார் தங்க வயலுக்கு."

பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "தங்க வயலுக்கா தங்கம் கொண்டு போகிறீர்கள்?"

என்ன செய்வது? சுரங்கம் மூடி இருபது வருடங்களுக்கு மேலாகிவிட்டது. என் சித்தியைத் தங்க வயலில் கொடுத்தார்கள், என் அம்மாவைச் சிங்கப்பூரில். சித்தி மகள் வசந்தாவின் பெண் ஹேமாவுக்கு நிச்சயதார்த்தம். பெரியம்மா முறையில் வெறுங்கையோடு போக முடியுமா? வரியைக் கட்டிவிட்டு வெளியே வந்தேன்.

பங்காருபேட்டையில் வண்டி மாற வேண்டும். அடுத்த ரயிலுக்கு நேரம் இருக்கிறது என்று நம்பி, பக்கத்து இருக்கைக்காரர் சொன்னபடி பானிபூரி தின்னப் போனேன். அந்த ஊர் பானிபூரியில் தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கும். பச்சையும் இல்லை, பழுப்பும் இல்லை. கடைக்காரர் மறந்துபோய்க் குழாய்த் தண்ணீரை ஊற்றிவிட்டார் என்று நினைத்து, "இதில் ஒன்றும் போடவில்லையே" என்று கேட்டேன். அவர் ஒன்றை நீட்டினார். வாயில் போட்டதும் காது வழியாகப் புகை போனது. கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தட்டு வாங்கினேன். அந்த இரண்டாவது தட்டுக்கு விலை, என் ரயில். பெட்டியை இழுத்துக்கொண்டு நான் படியேறும்போது அது நிதானமாகக் கிளம்பிப் போனது. எங்கள் ஊரில் ரயில் போய்விட்டால் அடுத்தது சில நிமிடத்தில் வரும். இங்கே அடுத்தது எப்போது என்று கேட்டதற்கு, "வரும்" என்றார்கள்.

ஷேர் ஆட்டோவில் போனேன். வழியில் மரமே இல்லாத சாம்பல் நிறக் குன்றுகள். அழகாக இருக்கின்றனவே என்றேன்.

"அது மலை இல்லீங்கம்மா," என்றார் ஓட்டுநர். "தங்கம் எடுத்துட்டுக் கொட்டின மண்ணு. சயனைடு மேடு. இன்னும் உள்ள தங்கம் கீதுன்றாங்க. காத்தடிச்சா எங்களுக்கு வரது தூசிதான்."

தங்க வயலின் மைசூர் மைன்ஸ் பகுதியில் வசந்தாவின் வீடு பழைய சுரங்கக் குடியிருப்பு வரிசையில் இருக்கிறது. அவள் கணவர் தயாளன் இளம் வயதில் சுரங்கத்தில் வேலை பார்த்து, அது மூடிய பிறகு பெங்களூருக்கு ரயிலில் போய்க் காவலாளி வேலை பார்த்து, இப்போது வீட்டில் உட்கார்ந்து உலகத்தைக் கவனித்துக்கொள்கிறார். செய்தித்தாள், தொலைக்காட்சி, கைப்பேசி என்று மூன்று ஷிப்ட். என் பெட்டியை வாங்கி வைத்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "அண்ணி, ஏர்போர்ட்டுல வரி கட்னீங்களா?"

"கட்டினேன்."

"ரொம்ப சந்தோஷம்," என்றார் மனப்பூர்வமாக. "வெளிநாட்டுத் தங்கத்துக்கு இன்னும் ஏத்தணும் அண்ணி. அப்பதான் நம்ம மைன தெறப்பாங்க."

"வந்தவங்களுக்குத் தண்ணி குடுங்க மொதல்ல," என்றாள் வசந்தா உள்ளிருந்து.

அன்று மாலையே மாப்பிள்ளை வீட்டார் பூ, புடவை விஷயம் பேச வந்தார்கள். மாப்பிள்ளை பிரசாத். அவனுடைய அப்பா மாசிலாமணி ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவில் குடை, பூட்டு, பிளாஸ்டிக் வாளி, பொம்மை எல்லாம் விற்கும் கடை வைத்திருக்கிறார். அம்மா சரோஜா, அதிகம் பேசாதவர். நான் சுங்க அதிகாரி என்று தெரிந்ததும் மாசிலாமணி எழுந்து நின்று கும்பிட்டார். வியாபாரிகளுக்கு எங்கள் துறையைக் கண்டால் வரும் மரியாதை ஓய்வு பெற்ற பிறகும் தொடர்கிறது.

"மேடம், உங்கள மாதிரி ஆள்கிட்டதான் கேக்கணும். அமெரிக்காகாரன் வரி போட்டது சரியா தப்பா?"

அவ்வளவுதான். பூவும் புடவையும் ஓரமாகப் போயின.

ஹேமா பெங்களூரில் ஒரு துணி ஏற்றுமதித் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறாள். அவர்கள் தைப்பதெல்லாம் அமெரிக்காவுக்குப் போகும் சட்டைகள். அந்த ஊர் அதிபர் இந்தியச் சரக்குகளின் மேல் வரியை ஏற்றியதிலிருந்து ஆர்டர்கள் குறைந்துவிட்டன. பிறகு வரியைக் கொஞ்சம் இறக்கினார்கள். போன ஆர்டர் திரும்பி வரவில்லை. இந்த வரியெல்லாம் செல்லுமா என்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடந்து, தீர்ப்புக்காக உலகமே காத்திருந்த சமயம் அது. தயாளன் உலகத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காத்திருந்தார்.

"வரி போடணும்னா அவங்க பார்லிமெண்டு போடணும்," என்றார் தயாளன். "இவரு இன்னா பண்றாரு? அவசரம்னு ஒரு பழைய சட்டத்த எடுத்துக்கினு எல்லா நாட்டு மேலயும் போட்டுகினே போறாரு."

"அவன் ஊரு, அவன் வாசப்படி," என்றார் மாசிலாமணி. "உள்ள வரவன் கிட்ட காசு கேட்டா இன்னா தப்பு? என் கடை ஷட்டர நான் எப்ப வேணா எறக்குவன்."

"ஷட்டரு உங்க சொந்தம். அமெரிக்கா அவரு சொந்தமா? அவரும் வேலைக்கு வந்தவருதான். நாலு வருஷ ஷிப்டு."

"ஷிப்டுல இருக்கறவன் கையிலதான சாவி கீது?"

தயாளன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். "மைன்ல ஆளுங்கள கீழ எறக்கற கேஜ் தெரியும் இல்ல? அத எறக்கணும்னா பெல்லு அடிக்கணும். பெல்லு வராம டிரைவரு இன்ஜின தொட மாட்டாரு. மேனேஜரே வந்து 'அவசரம், எறக்குடா'ன்னாலும் தொட மாட்டாரு. ஏன்? உள்ள ஆளு நிக்குது. சட்டம்னா அதுதான்."

நல்ல வாதம் என்று எனக்குப் பட்டது. மாசிலாமணி அசரவில்லை. "சட்டம் கெடக்குது. லாபத்த பாருங்க. வெளி சரக்குக்கு வரி போட்டா உள்ளூர் தொழில் வளரும். அவன் ஊர்க்காரன் சட்ட தைப்பான். மேடம், நான் சொல்றது சரிதான?"

"அப்படியானால் உங்கள் அரசாங்கம் சீனப் பொம்மைக்கு வரியை ஏற்றியதும் நல்லதுதானே?" என்று கேட்டேன்.

அவர் முகம் மாறியது. "அது வேற மேடம். அது அநியாயம்."

தயாளன் கைதட்டிச் சிரித்தார். நான் அவர் பக்கம் திரும்பினேன். "அமெரிக்கா சட்டைக்கு வரி போட்டால் தப்பு, நீங்கள் தங்கத்துக்கு இன்னும் ஏற்றினால் சரியா?"

"அது வேற அண்ணி," என்றார் அவர், சிரிப்பை நிறுத்திவிட்டு.

எங்கள் ஊரில் மது, புகையிலை, வாகனம், எரிபொருள் தவிர வேறெதற்கும் சுங்க வரி கிடையாது. அதனால் வரியைப் பற்றி இவ்வளவு உணர்ச்சியோடு பேசும் ஆட்களை நான் பார்த்ததே இல்லை. சுவாரசியமாக இருந்தது. வசந்தா வைத்த பிதுக்கம் பருப்புக் குழம்பும் களியும் அதைவிடச் சுவாரசியமாக இருந்தன. அவரைக்காய் காலம். தோலைப் பிதுக்கி எடுத்த பருப்பு வாயில் வெண்ணெய் போலக் கரைந்தது. களியை மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும் என்று வசந்தா சொல்லிக்கொடுத்தாள். விழுங்கினேன். அடுத்து நடந்த பேச்சைத் தொண்டையில் களியோடுதான் கேட்டேன்.

"எம் பொண்ணு கம்பெனில பக்கத்துத் தையல் லைனையே மூடிட்டான். நாளைக்கு இவ லைனையும் மூடுவான். அதுக்கு இன்னா சொல்றீங்க?" என்றார் தயாளன்.

"மூடட்டுமே, நல்லதாப் போச்சு," என்றார் மாசிலாமணி. "கல்யாணத்துக்கு அப்பால கடையில கல்லாவுல உக்காரப் போற பொண்ணுதான? விடிகாலைல எழுந்து ரயிலப் புடிக்கிற தொல்லை விட்டுது."

தயாளன் அதைக் கவனிக்கவே இல்லை. "அது சரி, ஆனா சட்டப்படி பாத்தா…" என்று திரும்பவும் அமெரிக்காவுக்குப் போய்விட்டார். சமையலறை வாசலில் டம்ளர் தட்டோடு நின்ற ஹேமாவை நான் பார்த்தேன். பிரசாத்தும் பார்த்தான். பிறகு கையிலிருந்த டம்ளரின் அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க ஆரம்பித்தான்.

மறுநாள் விடிவதற்கு முன் ஹேமாவோடு நானும் ரயிலேறினேன். பெங்களூரில் ஒரு தோழியைப் பார்க்க வேண்டும் என்று வசந்தாவிடம் சொன்னேன். தோழி உண்டு, அவள் அன்று ஊரில் இல்லை.

அந்த ரயிலில் பயணச்சீட்டு வாங்கினால் மட்டும் உட்கார முடியாது. ஒவ்வொரு இருக்கைக்கும் எழுதாத பட்டா இருக்கிறது. முதலில் உட்கார்ந்த இடம் கமலாவுடையது, எழுந்தேன். அடுத்தது யாரோ ஒரு ரோசியுடையது. அவள் அடுத்த நிலையத்தில்தான் ஏறுவாள், ஆனாலும் அவளுடையது, எழுந்தேன். கடைசியில் கஸ்தூரி என்பவர் நகர்ந்து இடம் கொடுத்தார். ஹேமாவின் தொழிற்சாலையில் தைப்பவர். மடியில் ஒரு பை அவரைக்காய். பிதுக்கிக்கொண்டே பேசினார், அல்லது பேசிக்கொண்டே பிதுக்கினார்.

"அமெரிக்காகாரி ஒரு சட்டைக்கு ரெண்டு சட்ட காசு குடுப்பாளா? குடுக்க மாட்டா. பழச போட்டுக்குவா. அவ பழச போட்டுகினா நமக்கு ஓவர்டைம் இல்ல. இதுக்கு எதுக்குக் கோர்ட்டு, கேஸு?"

"அங்க தைக்க ஆள் வெப்பாங்களாம்," என்றாள் எதிரில் பூக் கட்டிக்கொண்டிருந்த பெண்.

"வெக்கட்டும். சட்டைக்குக் காலர் வெச்சுப் பாத்தாத்தான் கஷ்டம் தெரியும்."

பெட்டி முழுக்கச் சிரிப்பு. யாருக்கும் பயமில்லாதது போலத்தான் இருந்தது. ஆனால் போன மாதம் வரை இந்தப் பெட்டியில் நிற்கக்கூட இடம் இருக்காதாம். இப்போது ரோசிக்காக ஓர் இருக்கையைக் காலியாக விட்டுவைக்க முடிகிறது.

ஹேமா ஜன்னல் ஓரம் வந்ததும் மெதுவாகச் சொன்னாள். "பெரிம்மா, கம்பெனி என்ன வீட்டுக்கு அனுப்பினா நான் வேற கம்பெனி பாப்பன். அது எனக்கும் கம்பெனிக்கும். மாமனாரு எப்படி அனுப்புவாரு? நான் அவருகிட்ட வேலைக்கே சேரலையே."

"பிரசாத்திடம் பேசினாயா?"

"நல்லவருதான் பெரிம்மா. போன்ல பேசினா, 'நீ போ, எனக்கு ஓகே'ன்றாரு. அவங்க அப்பா எதிர்ல மட்டும் அவருக்கு நெட்வொர்க் கெடைக்காது." சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "எங்க அப்பாவும் அப்படித்தான். அவரு அமெரிக்காவுக்குப் பதில் சொல்லிகினு இருந்தாரு. எனக்கு ஒரு வார்த்த சொல்லல. இத முடிவு பண்ணாம நான் மோதிரம் போட மாட்டன்."

தொழிற்சாலை வாசலில் அவளை விட்டுவிட்டு, ஒரு மசால் தோசையும் காபியுமாக மனதைத் தேற்றிக்கொண்டு திரும்பினேன். எங்கள் ஊரில் நிச்சயத்துக்கு இரண்டு நாள் முன்பு பெண் இப்படிச் சொன்னால் மண்டபத்தின் முன்பணம் போய்விடுமே என்றுதான் முதலில் கவலைப்படுவோம். இங்கே மண்டபம் மாசிலாமணிக்குத் தெரிந்தவருடையது. அதுவும் ஒரு சிக்கல்தான்.

மாலையில் தயாளனிடம் சொன்னேன். கைப்பேசியில் ஓடிக்கொண்டிருந்த விவாதத்தை அணைத்தார். நான் வந்ததிலிருந்து அது அணைந்து பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அவரு அப்படியா சொன்னாரு?"

"உங்கள் எதிரில்தான் சொன்னார்."

"கேஸ்ல கவனமா இருந்துட்டன் அண்ணி." சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்தார். "இப்பவே போயி ரெண்டுல ஒண்ணு கேட்டுட்டு வரேன்."

வசந்தா வாசலை மறித்தாள். "நீங்க போனா அவரு ஒண்ணு சொல்வாரு, நீங்க ரெண்டு சொல்வீங்க, அப்பால கேஜ், பெல்லுன்னு ஆரம்பிச்சுடுவீங்க. பொண்ணு விஷயம் அப்படியே நிக்கும். அக்காவ கூட்டிகினு போங்க. அவருக்கு அக்கா மேல மரியாத. மேடம் மேடம்ன்றாரு."

இப்படித்தான் நான் நீதிபதியானேன்.

மறுநாள் காலை ஹேமா விடுப்பு எடுத்திருந்தாள். வசந்தாவும் சேர்ந்து நாங்கள் நால்வரும் ராபர்ட்சன்பேட்டைக்குப் போனோம். கீழே கடை, மேலே வீடு. வாசலில் குடைகள் வவ்வால்களைப் போலத் தொங்கின. மாசிலாமணி எனக்காகக் கடையிலிருந்து ஒரு சுழல் நாற்காலியை மேலே தூக்கி வரச் செய்தார். உட்கார்ந்தேன். நாற்காலி மெல்ல, மரியாதையாக, இறங்க ஆரம்பித்தது.

"லோக்கல் சரக்கு மேடம்," என்றார் வருத்தமாக. "சைனாவா இருந்தா நிக்கும்."

தயாளன் நேராக விஷயத்துக்கு வந்தார். "எம் பொண்ணு வேலைய வுடணும்னு நீங்க எப்படி முடிவு பண்ணலாம்?"

"நான் இன்னா கெட்டதா சொன்னன்? கம்பெனியே ஆடிகினு கீது. ரயில்ல போயிட்டு வர செலவு, அலைச்சல். கடையில உக்காந்தா நெழல்ல உக்காரலாம். கணக்குப் போட்டுப் பாருங்க, இதான் லாபம்."

"யாருக்கு லாபம்?"

"குடும்பத்துக்கு."

"எந்தச் சட்டத்துல சொன்னீங்க?"

"என் வீட்டுல சட்டம் இன்னாங்க? அவசரத்துக்கு நான்தான முடிவு எடுக்கணும்?"

தயாளன் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் கண்ணில் வெற்றி மின்னியது. அமெரிக்க வழக்கு சொந்த வீட்டுக்குள் வந்துவிட்டது. "கேட்டீங்களா அண்ணி! அவசரமாம்!"

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். இதற்குள் மேசை என் நெஞ்சுவரை வந்திருந்தது. "நான் இத்தனை வருடம் வரி வசூலித்திருக்கிறேன்," என்றேன். "எந்த நாடும் வந்து என்னிடம் வரி கட்டியதில்லை. வரிசையில் நின்ற ஆள்தான் கட்டினார். அவர் அதை விலையில் ஏற்றி அடுத்தவர் தலையில் வைப்பார். முடியாவிட்டால் சரக்கு கொடுத்தவரிடம் குறைப்பார். கடைசியில் எங்கேயோ ஒருவர், பேச்சிலேயே இல்லாதவர், கட்டுவார். நீங்கள் இருவரும் இரண்டு நாளாக வாதாடுகிறீர்கள். இந்த வீட்டில் கட்டப்போகிறவரை யாராவது கேட்டீர்களா?"

ஹேமா வாயைத் திறந்தாள். அதற்குள் சமையலறை வாசலில் இருந்து வேறொரு குரல் வந்தது.

"என்னக் கூடக் கேக்கலியே," என்றார் சரோஜா.

எல்லோரும் திரும்பினோம். கையில் காபித் தட்டு. அதை நிதானமாக மேசையில் வைத்தார்.

"குடியாத்தத்துல நான் தையல் கத்துகினு, சொந்தமா மெஷின் வெச்சிருந்தன். ஜாக்கெட்டுன்னா மூணு தெரு தாண்டி எங்கிட்ட வருவாங்க. கல்யாணம் பண்ணி இங்க கூட்டியாந்தீங்க. வந்த வாரமே கல்லாவுல உக்கார வெச்சீங்க. மெஷின எந் தங்கச்சிகிட்ட குடுத்துட்டன். என்ன எறக்குமதி பண்ணீங்களே, அதுக்கு யாரு வரி கட்னா? நான்தான் கட்னன். இன்னும் கட்டிகினுதான் கீறன்."

கீழே கடையில் யாரோ பூட்டு விலை கேட்கும் சத்தம் கேட்டது.

"இத்தினி வருஷம் சொல்லலியே சரோஜா," என்றார் மாசிலாமணி.

"நீங்க கேக்கல. உங்களுக்கு சைனா, அமெரிக்கா பாக்கவே நேரம் சரியாக் கீது."

அப்போதுதான் பிரசாத்துக்கு நெட்வொர்க் கிடைத்தது. எழுந்து நின்றான். "அப்பா, ஹேமா வேலைக்குப் போகட்டும். அந்தக் கம்பெனி மூடினா வேற எடம் பாப்பா. சாயந்தரம் ஸ்டேஷன்ல இருந்து நான் கூட்டியாரேன். மதியம் கல்லாவுல நான் உக்காரேன்."

"நீயா?" என்றார் மாசிலாமணி. "நீ உக்காந்தா கல்லாவும் போயிடும்."

ஹேமா சிரித்துவிட்டாள். பிறகு மாமனாரைப் பார்த்து, "மாமா, நீங்க கூப்ட்டா லீவு நாள்ல நான் வந்து உக்காரேன். ஆனா நீங்க கூப்புடணும். அனுப்பக் கூடாது," என்றாள்.

மாசிலாமணி அவளைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். என் தாடை அப்போது மேசை விளிம்பில் இருந்தது. "மேடம், தீர்ப்பு சொல்லுங்க."

"வந்துவிட்டது," என்றேன். "என்னை யாராவது தூக்கிவிடுங்கள்."

இரண்டு சம்பந்திகளும் ஆளுக்கு ஒரு கை கொடுத்துத் தூக்கினார்கள். வரும் வழியில் தயாளன் ஹேமாவின் பக்கத்தில் நடந்தார். பாதி வழியில், "நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும்மா," என்றார். "பரவால்ல பா," என்றாள் அவள். "அமெரிக்காவுக்கு நல்லாத்தான் சொன்னீங்க."

நிச்சயதார்த்தம் மறுநாள் மாலை. மோதிரம் ஹேமாவின் விரலுக்குக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. பிரசாத் அதை நூல் சுற்றிச் சரிசெய்து போட்டான். சரோஜா தானே தேர்ந்தெடுத்த புடவையில், தாம்பூலத் தட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "மெஷினு ஒண்ணு பாத்து வெச்சிருக்காரு, போயி வாங்கலாம்னாரு," என்று காதில் சொன்னார். அவ்வளவுதான் சொன்னார். பிறகு எனக்கு இன்னொரு ஜாங்கிரி வைத்தார்.

நான் பந்தியில் பிரியாணியில் மூழ்கியிருந்தபோது மண்டபத்தின் மூலையில் ஒரு கூச்சல். தயாளன் கைப்பேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வந்தார். "அண்ணி! செல்லாதுன்னுட்டாங்க! அவசரச் சட்டத்த வெச்சு வரி போட அதிகாரமே இல்லையாம்! பெரிய கோர்ட்டே சொல்லிடுச்சி!" தாம்பூலப் பைகளில் போட வைத்திருந்த லட்டை எடுத்து எல்லோருக்கும் விநியோகித்தார். சமையல்காரர் உட்பட.

மாசிலாமணி லட்டை வாங்கிக் கடித்துவிட்டு யோசித்தார். "இதுவரைக்கும் கட்டினவனுக்குத் திருப்பிக் குடுப்பாங்களா மேடம்?"

"அதற்குத் தனியாக வாதாடுவார்கள்."

"எங்க ஓவர்டைம திருப்பிக் குடுப்பாங்களா பெரிம்மா?" என்று மணப்பெண் கேட்டாள். விழாவுக்கு வந்திருந்த கஸ்தூரி, "லட்டு சாப்புடு," என்றார்.

காலையில் நான் கிளம்பும்போது மாசிலாமணி மைசூர் மைன்ஸ் வீட்டு வாசலில் நின்றார். வழியனுப்ப வந்தாராம். முகத்தில் அடக்க முடியாத மலர்ச்சி. "சம்பந்தி, நியூஸ் பாத்தீங்களா? வேற ஒரு சட்டத்த எடுத்து, எல்லா நாட்டு மேலயும் புதுசா போட்டுட்டாரு!"

தயாளன் பார்த்திருந்தார். இரவு அவர் நன்றாகத் தூங்கவில்லை என்பது தெரிந்தது. "அதுவும் நிக்காது. அதுக்கும் கேஸ் போடுவாங்க."

"போடட்டும். மூணாவது சட்டம் வெச்சிருப்பாரு."

தங்க வயலின் கடைசி நிலையமான மாரிக்குப்பத்தில் ரயில் காலியாக நின்றது. ஒருவர் என் பெட்டியையும் ஒருவர் வசந்தா கட்டிக்கொடுத்த பையையும் தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் என்னோடு ஏறினார்கள். மேலே வைத்தார்கள். வைத்துவிட்டு எதிரெதிரே உட்கார்ந்து, அந்தப் புதுச் சட்டம் எத்தனை நாள் தாங்கும் என்று பேச ஆரம்பித்தார்கள். கீழே நடைமேடையில் நின்ற வசந்தா ஜன்னல் வழியே என் கையைப் பிடித்து அழுதுகொண்டிருந்தாள். அழுகை நடுவே, "இவங்கள எறக்கி வுடுக்கா," என்றாள். நான் சொன்னேன். "ஒரு நிமிஷம் அண்ணி," என்றார் தயாளன். "ஒரே நிமிஷம் மேடம்," என்றார் மாசிலாமணி. ரயில் கிளம்பிவிட்டது. வசந்தா அழுகையை நிறுத்தித் தலையில் அடித்துக்கொண்டாள். அவர்களுக்குத் தெரிந்தது அடுத்த நிலையத்தைத் தாண்டிய பிறகு.

பங்காருபேட்டைக்குக் கொஞ்சம் முன்னால் பரிசோதகர் வந்தார். என் சீட்டைப் பார்த்தார். பிறகு அவர்கள் பக்கம் திரும்பி, கன்னடத்தில் டிக்கெட் கேட்டார்.

"வழியனுப்ப வந்தோம் சார்," என்றார் தயாளன்.

"எங்கிருந்து எதுவரைக்கும் வழியனுப்புறீங்க?"

"சார், நாங்க ஏறணும்னு ஏறல," என்றார் மாசிலாமணி. "ரயிலு சொல்லாம கெளம்பிடுச்சி. அபராதம் போடறது நியாயமே இல்ல. எந்த ரூல்ல போடறீங்க?"

மாசிலாமணி சட்டம் கேட்டதைக் கண்டு தயாளன் கண்ணில் நீர் வராத குறை. "நல்லாக் கேளுங்க சம்பந்தி," என்றார்.

பரிசோதகர் சட்டைப்பையிலிருந்து ரசீதுப் புத்தகத்தை எடுத்தார். பொறுமையான மனிதர். இவர்களைப் போல எத்தனை பேரைப் பார்த்திருப்பாரோ. "நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா வந்தவங்களா, தனித்தனியா?"

"ஒண்ணாதான் சார்," என்றார்கள் இருவரும் ஒரே குரலில். தயாளன் கன்னடத்தில், "நாவு பீகரு," என்று சேர்த்துக்கொண்டார். நாங்கள் சம்பந்திகள் என்று அர்த்தம். இருவரும் அவசரமாகப் பையைத் துழாவினார்கள். வழியனுப்ப வந்தவர்கள் பணம் எடுத்துக்கொண்டு வருவார்களா? அபராதத்தை நான் கட்டினேன்.

பங்காருபேட்டையில் என் வண்டி கொஞ்ச நேரம் நின்றது. திரும்பிப் போக டிக்கெட் வாங்க வேண்டும் என்று என்னிடமே ஆளுக்குக் கொஞ்சம் கடன் வாங்கிக்கொண்டு இறங்கினார்கள். ஜன்னல் வழியே தெரிந்தார்கள்: ஒருவர் ஒரு கவுண்டருக்கும் இன்னொருவர் அடுத்த கவுண்டருக்குமாகப் பிரிந்து, யார் முன்னால் போவது என்று வேக வேகமாக நடந்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். இனிமேல் என்ன நடந்தாலும் எனக்கு விமானம் இருக்கிறது.

வண்டி கிளம்பும் மணி அடித்தபோது இருவரும் மூச்சிரைக்க என் ஜன்னலுக்கு ஓடி வந்தார்கள். தயாளன் கையில் இரண்டு டிக்கெட். மாசிலாமணி கையிலும் இரண்டு டிக்கெட்.

"இன்னா பண்றது அண்ணி, கேக்காம எனக்கும் சேத்து வாங்கிட்டாரு."

"இவரு மட்டும் என்னக் கேட்டா வாங்கினாரு மேடம்?"

ரயில் நகர்ந்தது. நான் பார்த்தவரை, மிஞ்சிய இரண்டு டிக்கெட்டைத் திருப்பிக் கொடுப்பதற்கு யார் வரிசையில் நிற்பது என்று பேசிக்கொண்டே, ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டபடி போய்க்கொண்டிருந்தார்கள்.